ஒரு மாத விசாவில் ஏழுமலை

சென்னைத் துறைமுகம் கண்ணில் படுவதற்கு முன்பே என் அக்காவின் ஊர்ப்பக்கத்து மலை கண்ணில் பட்டுவிட்டது. பினாங்கில் கப்பல் ஏறிய ஏழாம் நாள், திங்கட்கிழமை, காலை ஆறரை மணி. முந்தின நாள் பெய்த ஆனி மழையில் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. மேல்தளத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த கப்பல் சிப்பந்தி மேற்கே கையை நீட்டி, "அதோ பாருங்க, நகரி மூக்கு. கரை தெரியறதுக்கு முன்னாடி அதைப் பாத்துத்தான் எங்களுக்கு வழி" என்றார். மல்லாந்து படுத்திருப்பவரின் மூக்கைப் போல ஒரு மலை, கடலிலிருந்து ஐம்பது மைல் உள்ளே, நீலமாக. அக்கா அந்த மலைக்குக் கிழக்கே எங்கோ இந்நேரம் சாணி தெளித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பதினெட்டு வருஷம் ஆயிற்று அவளைப் பார்த்து.

என் பெயர் கோதண்டம். பிறந்தது ரங்கூன், குடியுரிமை பர்மா, குடியிருப்பது பினாங்கு, பேச்சு தமிழ். இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால் எந்த நாட்டு அதிகாரியும் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார். பினாங்கில் அரிசி ஆலை மெக்கானிக்காக இருக்கிறேன். இயந்திரங்கள் என்னிடம் இத்தனை கேள்வி கேட்பதில்லை.

சொந்த நாட்டில் இருப்பவன் விசா கேட்பது ஒரு விதம். தன் நாட்டுக்கு வெளியே குடியிருப்பவன் கேட்பது வேறு விதம். இதை அறியாமல் பர்மா பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இந்திய விசா அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடி போட்ட எழுத்தர் பொறுமையாகச் சொன்னார். பாஸ்போர்ட் போதாது, பினாங்கில் குடியிருக்க அனுமதி உண்டு என்ற சீட்டு வேண்டும். வெளியே போனால் மலாயா என்னைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும் என்ற சீட்டும் வேண்டும். போக வரக் கப்பல் டிக்கெட், மூன்று புகைப்படம், இந்தியாவில் தங்கும் முகவரி, இவை எல்லாம் சேர்ந்தால்தான் சுற்றுலா விசா. "உங்களைத் திரும்ப எடுத்துக்க ஆள் இருக்குன்னு காட்டினாத்தான் நாங்க உள்ளே விடுவோம்" என்றார். கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்தால் நியாயம். என் குடியிருப்பு அனுமதி வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் வகை. திரும்பி நுழையும் சீட்டு ஐந்தாம் வருஷமான அந்த வருஷம்தான் கிடைத்தது. அதுவும் ஒரே முறை, குறித்த தேதிக்குள். அந்தத் தேதியைத் தாண்டினால் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். அக்காவோடு திருப்பதியில் மொட்டை போட வேண்டும் என்றேன். எழுத்தர் சற்று யோசித்துவிட்டு, "ஊர் சுற்றிப் பார்த்தல்" என்று எழுதிக்கொண்டார்.

அந்த மொட்டையின் கதை இது. போர்க்காலத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது எனக்கு வயது பதினான்கு, அக்கா கன்னியம்மாவுக்கு இருபது. நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, கப்பலில் இரண்டு டிக்கெட்தான் கிடைத்தது. வயதுப் பெண்ணை அந்த ஊரில் விட முடியாது என்று அவளை அழைத்துக்கொண்டு போனார். என்னை ஆலை மேஸ்திரியிடம் ஒப்படைத்தார். துறைமுகத்தில் என் தலையைத் தடவி, பிள்ளைகள் இரண்டும் பிழைத்தால் இருவர் முடியையும் ஒன்றாகவே ஏழுமலையானுக்குத் தருவதாக வேண்டிக்கொண்டார். பிறகு கடல் மூடிக்கொண்டது. நைனா ஊரிலேயே இறந்துபோனார். நான் பர்மாவில் வளர்ந்து, ஆலைக்காரர் சொன்னபடி அந்த நாட்டுக் குடிமகனாகி, பிழைப்புக்காகப் பினாங்கு போனேன். வேண்டுதல் மட்டும் அப்படியே நின்றது. தம்பி வராமல் மலை ஏறமாட்டேன் என்று அக்கா, திருப்பதிக்கு நாற்பது மைலில் வாழ்க்கைப்பட்டும், ஒருமுறைகூட ஏறவில்லை.

துறைமுகத்தில் இறங்கி வெளியே வர ஒன்பதரை ஆயிற்று. முத்திரை குத்தியவர் என் படத்தையும் என்னையும் பார்த்தார். படத்தில் அடர்ந்த சுருட்டை முடி, காதுவரை முறுக்கிய மீசை. நேரில் அதே மீசை, கப்பல் காற்றில் கொஞ்சம் கலைந்தது. "பர்மாக்காரர்னு போட்டிருக்கு, பேச்சு நம்ம பேச்சா இருக்கு" என்று சிரித்துவிட்டு ஒரு மாதம் என்று எழுதினார். பத்து நாள் கழித்து வியாழக்கிழமை என் திரும்பு கப்பல். அதை விட்டால் அடுத்தது பதினைந்து நாள் கழித்து. அதற்குள் என் திரும்பும் சீட்டு காலாவதி ஆகிவிடும். இதை நான் எப்போதும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பஸ். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம். டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது நயா பைசா. ஊத்துக்கோட்டை தாண்டியதும் கண்டக்டர், "ஆந்திரா வந்துடுச்சி, ஆந்திரா" என்று சும்மா ஒரு குரல் கொடுத்தார். நான் பழக்கதோஷத்தில் சட்டைப்பைக்குள் கைவிட்டு பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டிவிட்டேன்.

"இன்னா சார் இது?"

"எல்லை வந்துவிட்டது என்றீர்களே."

பஸ் முழுக்கச் சிரிப்பு. எதிர் இருக்கையில் வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இங்க கேட்டும் கெடயாது, கேக்குற ஆளும் கெடயாது சாமி. போன பங்குனி வரிக்கும் நாங்க மெட்ராஸு. இப்ப ஆந்திரா. என் வெத்தலக்கி மட்டும் ஒண்ணும் தெரியல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பிரமிப்புத்தான் வந்தது. என் ஒருவனை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நகர்த்த ஆறு காகிதம், ஏழு முத்திரை, எட்டு மாதம் ஆயிற்று. இங்கே அந்த ஏப்ரல் முதல் தேதி அன்று நூற்றுக்கணக்கான ஊர்கள், ஏரியும் கோயிலும் களத்துமேடும் ஆடுமாடும் உட்பட, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கின்றன. ஒரு கல்கூட அசையவில்லை. ஒருவரும் படம் எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாக வேர்க்கடலைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே சிவப்பு மண், அதே களை.

நாகலாபுரத்தில் வேதநாராயணசாமி கோயில் கோபுரத்துக்கு எதிரே பஸ் நின்றது. மாமா, அதாவது அக்காவின் கணவர் முனிரத்தினம், மாட்டுவண்டியோடு வந்திருந்தார். நெட்டையான ஆள், வாய் ஓயாதவர். மூன்று மைல் வண்டிப் பயணத்தில் எல்லை கதை முழுதும் சொல்லி முடித்தார்.

"நாங்க தூங்கிக்கினு இருக்கசொல்லவே எங்கள இட்டாந்து ஆந்திராவுல உட்டாங்க மச்சான். எழுந்து பாத்தா அதே ஏரி, அதே கழனி. தாலுகா ஆபீஸுதான் வேற. இப்ப மனு குடுக்கணும்னா தெலுங்குல எழுதணும். எனக்கு அதும் வரும், இதும் வரும், எழுதத்தான் ரெண்டும் வராது."

வாசலில் அக்கா நின்றிருந்தாள். உயரம் குறைந்தாற்போல் தெரிந்தது, நான்தான் வளர்ந்திருந்தேன். கப்பலில் ஏழு நாளும் இந்த நிமிஷத்தை நினைத்து நினைத்து வைத்திருந்தேன். ஓடிவந்து கட்டிக்கொள்வாள், அழுவாள், நானும் அழுவேன் என்று. அவள் என் மீசையையும் காற்சட்டையையும் தோல்பெட்டியையும் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க. கப்பல்ல ஒடம்பு ஒண்ணும் படுத்தலயே?" என்றாள்.

வாங்க என்றாள்! ரங்கூன் ஆலை வாசலில் என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள், தலைமுடியைப் பிடித்து இழுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவள், கூடப்பிறந்த தம்பியை வாங்க போங்க என்றாள். தாம்பாளத்தில் சோறு போட்டு, "சாப்டுங்க, கூச்சப்படாதீங்க" என்றாள். அன்றும் மறுநாளும் அப்படியே. என்னைப் பார்க்கும்போதெல்லாம் பார்வையை ஒரு கணம் நிறுத்தி எதையோ தேடுவாள், கிடைக்காமல் அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். என் பெயர், நைனா பெயர், பிறந்த ஊர் எல்லாம் இருந்தன. மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா கீது" என்று திருப்பிக் கொடுத்தாள். மூன்று அரசாங்கங்கள் என்னை நான்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டன. அவள் ஒருத்தி ஒப்புக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை மூவரும் பஸ்ஸில் புத்தூர் வழியாகத் திருப்பதி. பகல் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு லாட்ஜ், அறை நாளுக்கு மூன்று ரூபாய். மேனேஜர் நாமம் தரித்த பெரியவர், தமிழைத் தெலுங்கில் தோய்த்துப் பேசினார். வெளிநாட்டார் தங்கினால் தனிப் படிவம் நிரப்பிப் போலீசுக்கு அனுப்ப வேண்டுமாம். பல வருஷமாக லாட்ஜ் நடத்துகிறார், அந்தப் படிவத்தை அன்றைக்குத்தான் முதன்முறை பெட்டியிலிருந்து தேடி எடுத்தார்.

"பாஸ்போர்ட்டு இக்கட உண்டனி, இங்கயே இருக்கட்டும் சார். நிதானமா பாத்து எழுதி வெக்கிறேன். மலை எறங்கி வந்து வாங்கிக்கோங்க."

கொடுத்தேன். அந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு மலையடிவாரத்து அலிபிரியில் ஏறத் தொடங்கினோம். ஏழு மைல், மூவாயிரத்து ஐந்நூறு படிகளுக்கு மேல். மாமா பஸ்ஸில் போகலாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அக்கா முதல் படிக்கு மஞ்சள் வைத்தாள். பிறகு ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறினாள். மூச்சு வாங்கியதே தவிர நிற்கவில்லை.

அந்த ஏற்றத்தை எழுத எனக்குத் திறமை போதாது. இருள் பிரியப் பிரிய, எனக்கு முன்னும் பின்னும் மலை முழுக்க மனிதர்கள் தெரிந்தார்கள். கன்னடம், மராத்தி, தெலுங்கு, தமிழ், இன்னும் எனக்குத் தெரியாத பேச்சு. கைக்குழந்தையோடு ஒருத்தி, ஊன்றுகோலோடு ஒருவர், தலையில் மூட்டையோடு ஒரு குடும்பம். எங்கோ மேலிருந்து ஒரு "கோவிந்தா" கிளம்பும். அது படி படியாக இறங்கி எங்களைக் கடந்து கீழே அலிபிரிவரை போகும். அங்கிருந்து இன்னொன்று புறப்பட்டு மேலே வரும். முழங்கால் முறிச்சான் என்ற செங்குத்தான இடத்தில் சிலர் உண்மையாகவே முழங்காலால் ஏறினார்கள். அக்காவும் ஏறினாள். பினாங்கில் ஒரு வரிசையில் நின்றால் முதலில் எந்த நாடு என்று கேட்பார்கள். இங்கே பக்கத்தில் ஏறிய முன்பின் தெரியாதவர் என் கையைப் பிடித்து ஒரு வளைவு தூக்கிவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை. மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது கீழே சமவெளி பனியில் மிதந்தது. ரேணிகுண்டாப் பக்கம் ஒரு ரயிலின் புகை மட்டும் கோடாகப் போயிற்று. உலகத்தில் இத்தனை பெரிய இடம் ஒன்று என் அக்கா வீட்டுக்கு நாற்பது மைலில் இருந்திருக்கிறது. எனக்காக அவள் அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

பத்தரை மணிக்கு முடி இறக்கும் கல்யாணக்கட்டு. அந்தக் கூடத்தைப் பார்த்து இயந்திரக்காரனான நானே வாயைப் பிளந்தேன். வரிசை வரிசையாக நாவிதர்கள், வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள். தண்ணீர் தெளிப்பு, கத்தி நான்கு இழுப்பு, அடுத்த தலை. எங்கள் ஆலையில் இந்த வேகம் கிடையாது. தரையில் முழங்கால் உயரத்துக்கு முடி, கறுப்பும் நரையும் செம்பட்டையும் கலந்து. எந்த முடி யாருடையது என்று எவரும் சொல்ல முடியாது.

அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் பின்னலை அவிழ்த்தாள். இடுப்புக்குக் கீழே விழுந்தது. அவளுக்கு முதலில் முடிந்தது. திரும்பிப் பார்த்த நான் அப்படியே உறைந்துவிட்டேன். முடி இல்லாத அவள் தலை நைனாவின் தலை. அதே மேடான நெற்றி, அதே விரிந்த காது. அவரே எதிரில் புடவை கட்டி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

என் நாவிதர் மீசையையும் எடுத்துவிட்டுத் தலையைத் திருப்பினார். கத்தி நின்றது.

"சார், பின்னால இன்னா இது, மூணாம் பெற மாதிரி தழும்பு? பழசா?"

எனக்குத் தெரியவில்லை. பின்தலையைக் கண்ணாடியில் எவன் பார்க்கிறான்? இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு கை என் கழுத்தைப் பிடித்து முன்னால் அமுக்கியது. ஈர விரல் ஒன்று பின்தலையில் வளைவாக ஓடியது, ஒருமுறை, இன்னொருமுறை.

"டேய்" என்றாள் அக்கா. "டேய் கோதண்டம்! மில்லு பலகலேர்ந்து வுய்ந்தியேடா! என் இடுப்புல ரத்தமா ஊத்திக்கினு வந்தியேடா! எங்கடா போய்ட்ட நீயி இத்தினி நாளா?"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இரண்டு மொட்டைகள் கட்டிப்பிடித்து அழுதால் அங்கே அது புதிதில்லை போலிருக்கிறது. எங்கோ ஒருவர் "கோவிந்தா" என்றார், எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். நாவிதர் மட்டும், "இன்னும் கால் தலை கீது சார், குந்துங்க" என்றார்.

திருக்குளத்தில் முழுகி, வரிசையில் நின்று, பிற்பகல் மூன்று மணிக்குத் தரிசனம். நின்றது இரண்டு கணம் இருக்கும். நெய்விளக்கில் அந்தக் கறுப்பு மேனியைப் பார்த்ததும் கேட்க வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. வெளியே வந்ததும் அக்கா லட்டைப் பிட்டு என் வாயில் திணித்தாள். "துன்னுடா. ஓணான் மாதிரி கீறே" என்றாள். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டவற்றில் அதற்கு ஈடு இல்லை.

தேவஸ்தானத்து பஸ்ஸில் மலை இறங்கி, மாலை ஆறு மணிக்கு லாட்ஜ் வந்தோம். பாஸ்போர்ட்டைக் கேட்டேன். மேனேஜர் அதைப் பிரித்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடினார்.

"அந்த மீச வெச்ச சாரு வரட்டும், அவர்கிட்ட தர்றேன்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் முகத்தை மலையில் காணிக்கை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்! அடுத்த வியாழக்கிழமை கப்பலில் ஏற்றுபவர் இந்தப் படத்தோடு என்னை ஒப்பிடுவார். பினாங்கில் இறங்கும்போது இன்னொருவர் ஒப்பிடுவார். ஆறு நாளில் மீசை முளைக்காது. கப்பலில் ஏற்ற மறுத்தால் திரும்பும் சீட்டு காலாவதி. பினாங்கு என்னைச் சேர்த்துக்கொள்ளாது, இந்தியா ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, பர்மாவில் எனக்கு வீடு வாசல் கிடையாது. நடுக்கடலில்தான் குடித்தனம் நடத்த வேண்டும். இத்தனை வருஷம் ஏங்கிய வேண்டுதல், செய்யுமுன் ஒரு கணம் படத்தை நினைத்தேனா? எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவனும் இப்படி மாட்டிக்கொள்ள மாட்டான்.

மாமா நடந்ததைச் சொல்லி, அக்கா நாலு வார்த்தை தெலுங்கில் அதட்டியதும் மேனேஜர் இளகினார். "இக்கட அந்தரூ, எல்லாருமே, வேற மொகத்தோடதான் போவாங்க சார். ஆனா கப்பல்காரருக்கு அது தெரியாது கதா? சித்தூரு போயி ஜில்லா போலீஸ் ஆபீஸ்ல ஒரு காயிதம் வாங்கிக்கோங்க" என்றார்.

சனிக்கிழமை ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்தோம். அதுவரை படமே எடுத்துக்கொள்ளாத அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ், சித்தூர் நாற்பத்துநான்கு மைல், இரண்டரை மணி நேரம். வழி நெடுகப் பாறைக் குன்றுகளும் மாந்தோப்புகளும். வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன்.

வெளிநாட்டார் விவகாரத்தைப் பார்க்கும் அதிகாரி தெலுங்கர், நிதானமானவர். "கூர்ச்சோண்டி" என்று எங்களை உட்காரச் சொல்லி விசாத் தாளைப் படித்தார். புருவம் உயர்ந்தது.

"இதில் தங்கும் முகவரி செங்கல்பட்டு ஜில்லா, சென்னை மாநிலம் என்று இருக்கிறதே. இங்கே ஏன் வந்தீர்கள்?"

விண்ணப்பம் போட்டது அதற்கு முந்தின கார்த்திகையில். அக்கா எழுதி அனுப்பிய பழைய முகவரியை அப்படியே எழுதியிருந்தேன். நான் கப்பல் ஏறுவதற்குள் ஊர் கைமாறிவிட்டது. இதை விளக்க நான் தடுமாறியபோது அக்கா முன்னால் வந்தாள்.

"ஊரு அங்கியேதான் கீது சார். நாங்க ஒண்ணும் தூக்கிக்கினு வர்ல. நீங்கதான் ஜில்லாவ மாத்திட்டீங்க."

அதிகாரி ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். பெட்டியிலிருந்து ஊர்ப் பட்டியல் ஒன்றை எடுத்து விரலால் தேடினார். புதிதாகச் சேர்ந்த ஊர்களின் நடுவே, தெலுங்கு அச்சில், எங்கள் ஊர் இருந்தது. அந்தப் பெயரை அவர் உரக்க வாசித்ததும் எனக்கு ஏனோ மெய் சிலிர்த்தது. ஊருக்கும் இப்போது ஒரு காகிதம் இருக்கிறது.

"சரி, ஊர் என்னுடையது. இந்த ஆள்தான் படத்தில் இருப்பவர் என்பதற்கு?"

"நான் அவனுக்கு அக்கா சார். வேணும்னா காணிப்பாக்கம் புள்ளையார் கொளத்துல முழுகி ஈரத்துணியோட சத்தியம் பண்றேன்."

அந்த ஜில்லாவில் இதற்குமேல் பேச்சு கிடையாது. காணிப்பாக்கத்து விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எவருக்கும் துணிச்சல் வராது. அதிகாரி அவசரமாக, "ஒத்தம்மா, அவ்வளவு தூரம் வேண்டாம்" என்றார். பாஸ்போர்ட்டில் அடையாளக் குறி என்ற இடத்தைப் பார்த்தார். பர்மாக்காரர்கள் 'ஏதுமில்லை' என்று எழுதியிருந்தார்கள். அக்கா என் தலையைப் பிடித்து அவர் மேசைமேல் குனியவைத்துத் தழும்பைக் காட்டி, ரங்கூன் பலகை கதையை முதலிலிருந்து சொன்னாள். அவர் எங்கள் இரண்டு தலைகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தட்டச்சு எழுத்தரைக் கூப்பிட்டார்.

கடிதத்தில் மூன்று வாக்கியம். பாஸ்போர்ட் படத்தில் உள்ளவரும் இவரும் ஒருவரே. இவர் திருமலையில் முடிகாணிக்கை செலுத்தியிருக்கிறார். பின்தலையில் பிறை வடிவத் தழும்பு உண்டு, உடன்பிறந்த சகோதரி அடையாளம் காட்டினார். கீழே முத்திரை, அதன் பக்கத்தில் அக்கா தமிழில் போட்ட கையெழுத்து.

புதன்கிழமை காலை நாகலாபுரத்தில் பஸ் ஏறினேன். அக்கா அழவில்லை. ஜன்னல் வழியாக ஒரு துணி மூட்டையைத் திணித்தாள், உள்ளே வேர்க்கடலையும் லட்டும். "மீச வெக்காதடா, நல்லால்ல. போனதும் காயிதம் போடு. போடல, வந்து ஒதைப்பேன்" என்றாள். அதற்கு அவளுக்கும் விசா வேண்டும் என்று சொல்ல நினைத்தேன், பஸ் நகர்ந்துவிட்டது. ஊத்துக்கோட்டையில் எல்லை எங்கே முடிந்தது என்று உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தேன், இந்த முறையும் தெரியவில்லை.

சென்னையில் கடிதத்தைப் படித்தவர், "திருப்பதியா?" என்று ஒற்றைக் கேள்வியோடு விட்டுவிட்டார். பினாங்கில்தான் சோதனை. மலாய்க்கார அதிகாரி படத்தில் என் முடியை ஒரு விரலாலும் மீசையை இன்னொரு விரலாலும் மறைத்துப் பார்த்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். திரும்பி நில் என்று சைகை காட்டினார். வரிசையில் நின்ற நூறு பேர் பார்க்க, மலாயாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் முத்திரை விழும் சத்தம் கேட்டது.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கோலாலம்பூருக்குப் போனேன். படிவத்தில் அடையாளக் குறி என்ற கட்டம் வந்தது. பின்தலையில் பிறை வடிவத் தழும்பு என்று எழுதினேன். பர்மிய எழுத்தர் எட்டி என் தலையைப் பார்த்தார். முடி பழையபடி அடர்ந்திருந்தது.

"ஒன்றும் தெரியவில்லையே. நீங்களே அதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"நான் பார்த்ததில்லை" என்றேன். "எங்கள் அக்கா பார்த்திருக்கிறாள்."